எழுமலை இறக்கத்தில் பிடிபட்ட பொய்

முதுகில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வீடு இருக்கும் திருநகருக்குள்ளேயே ஓட்டிவிட்டு வருவதாகப் பொய் சொல்லி, அவளுக்குத் தெரியாமல் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு எழுமலைக்குப் போனேன்.

அடிவாரத்து இறக்கத்தில் முன்சக்கரம் சறுக்கி மல்லாக்க விழுந்தேன். உயிர் போகிற வலி. எழவே முடியவில்லை.

பக்கத்துக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தார்.

"எந்திரிக்காதீங்கண்ணே. கால் விரல ஆட்டுங்க பாப்போம்."

ஆட்டினேன். அசைந்தன. என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். நான் அசையக் கூடாது என்று அந்தப் பெண்ணே எடுத்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. எழுமலப் பக்கம் அண்ணன் விழுந்துட்டாரு. கால் விரல் நல்லா ஆடுது."

"எழுமலையா? திருநகர்னுல்ல சொன்னாரு!" மனைவியின் சத்தம் எனக்கே கேட்டது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்புட்டையும் வீட்டுல வச்சுக் கேளுங்கக்கா. இப்ப ஆளு பயந்து கெடக்காரு, ரெண்டு வார்த்த நல்லதாப் பேசுங்க" என்று போனை என் காதில் வைத்தார்.

மனைவி திட்டவில்லை. "நெசமாவே விரல் ஆடுதா?" என்று கேட்டு அழுதாள். நானும் அழுதேன்.

எலும்பு முறியவில்லை, அடி சதையில்தான் என்றார் டாக்டர். இப்போதும் சைக்கிள் ஓட்டுகிறேன், போகும் இடத்தைச் சொல்லிவிட்டு. அப்படிக் கிளம்பும்போது மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.