முதுகுக்குப் பின்னால் ஒரு போத்தல்

டயகம தேயிலைத் தோட்டத்தில் இரவு தங்கியிருந்த உறவுக்காரர் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டபோது, என் மனைவி வழக்கம்போல எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "நடங்க" என்றாள். நான் நடந்தேன். அவளுடைய ஸ்வெட்டர் பையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல் கிலுகிலுத்துக்கொண்டே வந்தது. எனக்கு நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரைகள் அதில் இருந்தன.

நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் எனக்கு முன்னால் நடந்ததே இல்லை. நான் விழுந்தால் உடனே தெரிய வேண்டுமாம். ஹட்டன் கடைத்தெருவிலும் இப்படித்தான் போய்வருவோம். பார்க்கிறவர்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்கள். நான் ஒரு கணம் நின்றால் போதும், "நெஞ்சு வலிக்குதா?" என்று பின்னாலிருந்து கேள்வி வரும். செருப்பு வார் அறுந்து நின்றாலும் அதே கேள்விதான்.

முன்பெல்லாம் அவளிடம் ஏச்சு வாங்காமல் எனக்குப் பொழுது விடியாது. ஆப்பரேஷனுக்குப் பிறகு ஏச்சு அடியோடு நின்றுபோனது. குளியலறை லைட்டை நான் அணைக்காமல் வந்தால், சத்தம் போடாமல் அவளே போய் அணைத்துவிட்டு வருகிறாள். சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டேன்.

டாக்டர் நடக்கச் சொன்னார். பெரிய பைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலை மலையாக நடந்து போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்திருந்தது. நம் மலையை நாம் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுச் சாவதா? லிந்துலையில் தொடங்கி, தோட்டம் தோட்டமாகத் தங்கி, டயகமவுக்கு மேலே காட்டைக் கடந்து, உச்சிப் புல்வெளி வழியாகப் பட்டிப்பொல ஸ்டேஷன் வரை போவதாகத் திட்டம் போட்டேன். காட்டுக்குள் போக அனுமதியும் வாங்கினேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது மலை இல்லை. நான் இனி நோயாளி இல்லை என்று அவள் நம்ப வேண்டும். வாயால் சொல்லிப் பலனில்லாததால் நடந்து காட்டலாம் என்று கிளம்பினேன்.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் கடைசி லயத்தைத் தாண்டும்போது, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களை விடவில்லை.

"எந்தத் தோட்டத்து ஆளுங்க நீங்க? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

நான் பையை இறக்கிவிட்டுப் படிக்கட்டில் சுகமாக உட்கார்ந்தேன்.

"அவருக்குச் சீனி போடாதீங்கக்கா. நெஞ்சு ஆப்பரேஷன் செஞ்சவரு" என்றாள் என் மனைவி.

"ஐயோ! அப்புறம் ஏம்மா இந்த மனுசன காட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போற?"

"நானா கூட்டிக்கிட்டுப் போறேன்? அவரு போறாரு. நான் பின்னால போறேன்."

அந்த அம்மா உள்ளே போய் எனக்காக ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. படிக்கட்டிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறினேன். எரிச்சலாக வந்தது. தேநீர் மட்டும் நன்றாக இருந்தது.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கல். போகிறவர்கள் சாமிக்கு ஒடித்துப் போட்ட பச்சைக் கொப்புகள் அதன் அடியில் கிடந்தன. நானும் ஒன்று ஒடித்துப் போட்டேன். அவள் இரண்டு போட்டாள். இரண்டாவது யாருக்கென்று நான் கேட்கவில்லை.

காட்டுக்குள் பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாசி பிடித்த மரங்கள் சொட்டுச் சொட்டாக நீர் வடித்துக்கொண்டிருந்தன. பாதை ஒற்றையடிதான், ஏற்றம் விடவே இல்லை. முழங்கால் முனகியது, நெஞ்சு முனகவில்லை. பறவைச் சத்தம் நின்ற நேரங்களில் பின்னால் போத்தலின் கிலுகிலுப்பு மட்டும் கேட்டது. ஓரிடத்தில் குனிந்தேன்.

"நெஞ்சு வலிக்குதா?"

"அட்டை."

"காட்டுங்க."

அட்டை கடிக்காமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் தடவியும் ஒன்று ஏறியிருந்தது. அவள் அட்டையைப் பிய்த்துப் போட்டாள். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் என் முகத்தைத்தான். உதட்டின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம்.

மதியத்துக்குப் பிறகு மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து சட்டென்று முடிந்துபோயின. வெளியே வந்தால் வெயில்! கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள் புல். நடுவில் ஓர் ஓடை, அதன் ஓரத்தில் நாலைந்து மரைமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

"இங்க பாருங்களேன்!" என்றபடி அவள் என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். வந்தவள் நிற்கவில்லை. கையை வீசிக்கொண்டு புல்வெளிப் பாதையில் விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கால்கள் அல்லவா? போத்தல் சத்தம் என்னைக் கடந்து போய், தேய்ந்து, கேட்காமல் போயிற்று.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் முதுகைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! கொண்டை முக்கால்வாசி நரைத்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது கறுப்பாக இருந்தது. இந்த ஓராண்டில்தான், என் கண்ணில் படாமல், எனக்குப் பின்னால் நடந்து நடந்தே நரைத்திருக்கிறது.

வெகுதூரம் போன பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். நான் நிற்பதைக் கண்டாள். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று நினைத்து, "இல்லை" என்று காட்டக் கையைத் தூக்கினேன்.

அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"அங்க என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ரயில விட்டுட்டு ராத்திரி பூரா ஸ்டேஷன்ல குளுர்ல கெடக்கவா என்னைக் கூட்டியாந்தீங்க? நடங்கங்கிறேன்!"

மரைகள் தலை தூக்கிப் பார்த்தன. எனக்குக் கண் கலங்கி, சிரிப்பும் வந்துவிட்டது. "வாறேன், வாறேன்" என்று கத்திவிட்டு, அவளுக்குப் பின்னால் நடந்தேன்.