முன்பின் தெரியாதவர் பெயரில் ஒரு அர்ச்சனை

கொரோனா அடங்கி, விமானங்கள் பழையபடி பறக்க ஆரம்பித்த சமயத்தில் நடந்தது இது. மலேசியாவில், ரெம்பாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்போதும் நான் கிராணிதான், இப்போதும் கிராணிதான். ஆபீஸ் கணக்கப்பிள்ளை வேலையை எங்கள் பக்கம் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம். அம்மாவும் நானும் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு என் வாயே பதில் சொல்லிவிடும்.

அந்த வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் எங்கள் தோட்டத்துக் குலைகளை யாரோ திருட்டுத்தனமாக வெட்டி ஒரு சின்ன லாரிக்காரரிடம் விற்றுவிட்டார்கள். லாரிக்காரர் பிடிபட்டார். மேனேஜர் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாதுக்கா. மலிவா குடுத்தாங்க, வாங்கிட்டேன். சத்தியமா திருட்டுன்னு தெரியாதுக்கா" என்றார். நான் விடவில்லை. "பாதி வெலைக்குக் குடுத்தா யார் மரத்துலேருந்து வந்துச்சுன்னு கேக்கணும்ல? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மேனேஜர் சிரித்துவிட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த லாரியைத் தோட்டத்துக்குள் விடவில்லை.

அது நடந்து இரண்டு மாதம்கூட இருக்காது, இங்கிலாந்திலிருந்து தங்கையின் கணவர் கூப்பிட்டார். தங்கைக்கு மார்பில் வந்த புற்று எலும்புக்கும் பரவிவிட்டது, இனி மருந்து வலிக்குத்தான் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அவள் அங்கே நர்ஸ் வேலைக்குப் போனவள். அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, அங்கேயே இருந்துவிட்டாள். அவளால் இனி விமானம் ஏற முடியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மாவ ஒருதரம் கூட்டிட்டு வந்துரு அக்கா. போன்ல பாக்குறதெல்லாம் பாக்குறதா? கையத் தொடணும்க்கா."

கூட்டிக்கொண்டு போவது அத்தனை சுலபமாக இருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். அம்மா தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மூட்டையோடு கால்வாயில் விழுந்து முதுகெலும்பை நசுக்கிக்கொண்டவர். அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் முகம் வெளுத்துவிடும். பக்கத்திலிருக்கும் சிரம்பானுக்குப் போவதானாலும் காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவார். விமானத்தில் பதினான்கு மணி நேரம் எப்படி உட்காருவார்? ஆஸ்பத்திரியில் கேட்டேன். "படுத்துக்கொண்டே போக முடிந்தால் போகலாம், உட்கார்ந்து போவதை மறந்துவிடுங்கள்" என்றார் டாக்டர்.

படுத்துக்கொண்டே போவது என்றால் பிஸினஸ் கிளாஸ். அதன் விலையைக் கணினியில் பார்த்துவிட்டு, பார்த்த பக்கத்தை உடனே மூடிவிட்டேன். என் நகை, சேமிப்பு எல்லாவற்றையும் போட்டாலும் பக்கத்தில்கூடப் போக முடியாது.

அப்போதுதான் ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் பெண், தம்பின் டவுனில் ஒரு போன் கடையில் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆளைப் பற்றிச் சொன்னாள். நம் ஆள்தான், நன்றாகப் பேசினார். அடிக்கடி பறப்பவர்களுக்கும் கிரெடிட் கார்டு நிறையத் தேய்ப்பவர்களுக்கும் விமானக் கம்பெனி மைல் மைலாகப் புள்ளி சேர்த்துக் கொடுக்குமாம். அந்த மைல்களைக் கொடுத்தால் பிஸினஸ் கிளாஸ் டிக்கெட்டே கிடைக்குமாம். பணக்காரர்களுக்கு அது தேவைப்படாமல் சும்மா கிடக்குமாம். இவர் அதை மலிவாக வாங்கி, அவர்கள் கணக்கிலிருந்தே நமக்கு டிக்கெட் போட்டுவிடுவாராம். அவர் சொன்ன விலை உண்மையான விலையில் கால்வாசிகூட இல்லை.

"எப்படி இவ்ளோ கம்மி?" என்று கேட்டேன். கேட்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருமுறை கேட்டேன்.

"கிடந்தா காலாவதி ஆயிரும்க்கா, அவங்களுக்கு வந்த வரைக்கும் லாபம். நம்புங்க லா" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஒன்னே ஒன்னு. டிக்கெட் மெயில்ல மைல்காரர் பேரு இருக்கும். அவரத் தேடிப் போய்ப் பேசிக்கிட்டு இருக்காதீங்க. ஏர்போர்ட்ல யாராச்சும் கேட்டா, குடும்பத்துக்குத் தெரிஞ்சவருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

லாரிக்காரரிடம் அத்தனை நறுக்கென்று கேட்டவள், அங்கே அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பதில் தேவைப்படவில்லை, டிக்கெட் தேவைப்பட்டது. அம்மாவுக்குப் படுக்கை இருக்கை, எனக்குப் பின்னால் சாதாரண இருக்கை, இரண்டுக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டினேன். இரண்டே நாளில் டிக்கெட் வந்தது. விமானக் கம்பெனிக்கே போன் போட்டு அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். அப்புறம் என்ன சந்தேகம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அம்மாவுக்கு அந்த இருக்கையை வீடியோவில் காட்டினேன். ஒரு வெள்ளைக்காரர் அதில் காலை நீட்டிப் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டார். "அட, நம்ம கட்டில விட நல்லாருக்கே!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாளே தங்கைக்காக நெத்திலி சம்பல் கிண்ட உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து கொஞ்சம் கிளறுவார், படுத்துக்கொள்வார், மறுபடி எழுந்து கிளறுவார். அவளால் சாப்பிட முடியாதே அம்மா என்றேன். "சாப்பிடாட்டி என்ன? தொறந்து வச்சா வாசமாவது வரும்ல" என்றார்.

அந்த வாரக் கடைசியில்தான் அம்மா கேட்டார். "இந்த டிக்கெட்ட யாரு குடுத்தாங்கன்னு சொன்ன?"

மைல் கதையை எத்தனை தடவை விளக்கியும் அம்மாவின் தலையில் ஏறியது ஒன்றுதான். யாரோ ஒரு புண்ணியவான் தன் டிக்கெட்டை விட்டுக்கொடுத்திருக்கிறார். "யாரு பெத்த புள்ளையோ, எம்மகளப் பாக்கட்டும்னு குடுத்திருக்கு. பேரச் சொல்லு, வெள்ளிக்கிழம அர்ச்சனை வைக்கணும்." மெயிலைப் பார்த்தேன். ஒரு சீனப் பெயர், முன்னால் ஓர் ஆங்கிலப் பெயர். அம்மா அதைப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரி அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நட்சத்திரம் என்னம்மா?" என்றார். "அதெல்லாம் ஆத்தாளுக்குத் தெரியும், நீ சொல்லு" என்று அம்மா அதட்டினார். பூசாரி பாவம், அந்தப் பெயரை மூன்றாக உடைத்து, நடுவில் மூச்சு வாங்கி ஒரு வழியாகச் சொல்லி முடித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிடிவாதம். "ஒரு வார்த்த நன்றி சொல்லிரு. வாங்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தா மனுசங்களா நாம?" வேண்டாம் அம்மா, பேசக்கூடாது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார் என்றேன். "நன்றி சொல்றதுக்கு எவன்டி தடை போட்டான்?" என்றார். உண்மையில் எனக்கும் சொல்லவேண்டும்போல் இருந்தது. பேஸ்புக்கில் தேடினேன். அந்தப் பெயரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். ஈப்போவில், நரைத்த தலையோடு. அர்ச்சனைத் தட்டைப் படம் எடுத்து, அம்மாவின் கதையைச் சுருக்கமாக மலாயில் எழுதி, உங்களை எங்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டோம் என்று அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'நான் யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. நீங்கள் யார்?'

அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் போன் நம்பர் கேட்டுக் கூப்பிட்டார். முதலில் கத்தினார். கத்தத்தானே செய்வார்? வேலை செய்த காலமெல்லாம் ஊர் ஊராகப் பறந்து சேர்த்த மைல்களாம். மனைவியோடு ஒரு நல்ல பயணம் போக வைத்திருந்தாராம். யாரோ அவருடைய கணக்குக்குள் புகுந்து, மெயில் முகவரியை மாற்றித் துடைத்து எடுத்திருக்கிறார்கள். என் செய்தியைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே விமானக் கம்பெனியில் புகார் கொடுத்துவிட்டார்.

நான் அழுதேன். இந்தக் கிராணியின் வாயெல்லாம் எங்கே போனதோ, போனில் ஒரு முன்பின் தெரியாதவரிடம் கெஞ்சினேன். என் தங்கை சாகக் கிடக்கிறாள், இந்த ஒரு பயணம் மட்டும் போகவிடுங்கள், எத்தனை வருடமானாலும் உங்கள் காசைக் கட்டிவிடுகிறேன் என்றேன். கடைசியில் அவர், கம்பெனியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டார். தான் சொல்லியும் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை, திருட்டுப் புகார் பதிவாகிவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்தே ஆகவேண்டுமாம் என்றார். கடைசியில், "மாஃப் யா" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் உண்மையிலேயே கேட்டுப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைச் சந்தேகப்படும் யோக்கியதை எனக்கு இல்லை.

தம்பின் ஆள் போனை எடுக்கவில்லை. கடைக்குப் போனால், ஓரமாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்தான், எங்கே போனாரென்று தெரியாது என்றார்கள். போலீஸில் புகார் எழுதப் போனேன். எழுதிக்கொண்டிருந்த மலாய்க்காரப் போலீஸ் தலையைத் தூக்கி, அம்மா என்பதற்கு 'புவான்' போட்டு மரியாதையாகத்தான் கேட்டார். "இவ்வளவு மலிவாகக் கொடுத்தாரே, எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லையா, புவான்?"

எனக்குத் தெரியாது என்றேன். சத்தியமாகத் திருட்டு என்று தெரியாது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த லாரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது கண்முன் வந்து, காது இரண்டும் எரிந்தது. அவரைப் பத்துப் பேர் முன்னால் நான் கேட்டேன். என்னைத் தனியாக, மெதுவாகக் கேட்டார்கள். அப்படியும் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் விமானத்தையே ரத்து பண்ணிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். "சாதா சீட்டுல நீ மட்டுமாவது போயிட்டு வா" என்றார். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மாவ யாருக்கா தூக்கி விடுவா? வராத" என்றாள். மறுபடி பணம் புரட்ட ஓடினேன். கூட்டுறவுக் கடனுக்கு எழுதிப் போட்டேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அது கைக்கு வருவதற்குள், நாங்கள் கிளம்பியிருக்க வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள், தங்கை போய்விட்டாள். அவளுடைய சடங்கை அம்மா கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்தார். நான் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடும்போது அம்மா போன் கண்ணாடியை விரலால் ஒருதரம் தடவினார். விரல் பட்டதில் படம் நின்றுபோய்விட்டது. மறுபடி ஓடவைப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. சம்பல் டப்பாவைப் பிறகு நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

வெட்கத்தை விட்டு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருட்டு டிக்கெட் வாங்கியதற்காக நான் வருந்தியிருக்கவேண்டும். வருந்தினேன்தான். ஆனால் அதைவிட அதிகமாக, அந்த நன்றிச் செய்தியை அனுப்பினேனே என்றுதான் மாதக்கணக்கில் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மா போய்ச் சேர்ந்திருப்பார், அவள் கையைத் தொட்டிருப்பார். அந்த ஈப்போ மனிதர் என்றைக்கோ ஒருநாள் கணக்கைத் திறந்து பார்த்து, யாரென்றே தெரியாத திருடனைத் திட்டியிருப்பார். முன்கூட்டியே உண்மை தெரிந்திருந்தால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொடுத்திருக்கமாட்டேன். மனசறிந்து சொல்கிறேன், கொடுத்திருக்கவே மாட்டேன். அடுத்தவர் திருட்டைத் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்த நான் எப்பேர்ப்பட்டவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லாரிக்காரரை ஒருநாள் ரெம்பாவ் பசாரில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பக்கத்தில் போனேன். "சௌக்கியமாக்கா? தங்கச்சி தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று அவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார். நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். மலிவாக ஏதாவது வந்தால் இப்போது ஒருமுறையல்ல, நாலுமுறை கேட்கிறேன். கேட்டு என்ன பிரயோசனம்? கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

அம்மா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மனிதர் பெயரில் அர்ச்சனை வைக்கிறார். "அது குடுத்துச்சு, நமக்குத்தான் குடுப்பினை இல்ல. அதுக்காக அத மறக்க முடியுமா?" என்கிறார். பூசாரியும் இப்போது அந்தப் பெயரைத் திக்காமல் சொல்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால், தான் நன்றி சொல்லச் சொன்னதால்தான் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும். அதை அவர் தாங்கமாட்டார். அதனால் அவர் எழுந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடமும் ஒரு கையால் அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, மறுகையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் யாரிடமிருந்து திருடினோமோ அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று நானும் வாரம் தவறாமல் கும்பிட்டு வருகிறேன்.