கட்டிப்போட்ட கன்று

எல்லை பிரித்தபோது சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர் ஆந்திராவில் சேர்ந்தது. மாடு மேய்ந்த புறம்போக்கு சென்னை ராஜ்யத்தோடு போய்விட்டது. அந்தப் பக்கம் தாண்டினால் பட்டியில் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, அப்போது பிறந்த காளைக்கன்றை நைனா கொட்டகை மூலையிலேயே கட்டிப்போட்டார். எனக்கும் அதே கதிதான். பள்ளிக்கூடம் தெலுங்குக்கு மாறியதும், பன்னிரண்டு வயசுக்கு மேல் புது எழுத்து மண்டையில் ஏறாது என்று என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்.

ஒரு வருஷம் கழித்துக் கன்றை அவிழ்த்தால், வாய்க்காலைக் கண்டு மிரண்டது, காயப்போட்ட வேட்டியைக் கண்டு மிரண்டது. "இது மந்தம். தரகனாண்ட தள்ளிட வேண்டியதுதான்" என்றார் நைனா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒரு மாசம் குடு நைனா. ஏரிக்கரையில மந்தையோட மேஞ்சிட்டு அதுவா வூடு திரும்பினா, நீ என்னை ஸ்கூலுக்கு அனுப்பணும்."

"திரும்பலன்னா?"

"வித்துடு. நானும் ஸ்கூலுன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாளே முளைக்குச்சியைப் பிடுங்கினேன். ஒரு நாள் புளியமரத்தடி, ஒரு நாள் கிணற்றடி, இன்னொரு நாள் பஸ் போகும் ரோட்டோரம். கழனித் தண்ணீர்ச் சட்டியைத் தினமும் வேறு இடத்தில் வைத்துத் தேடவிட்டேன். ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்துவிட்டேன். முதல் வாரம் என்னை இழுத்துக்கொண்டு ஓடி முள்வேலியில் தள்ளியது. "சனியனே!" என்று திட்டிவிட்டு, ரத்தம் வழிகிற கையோடு அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தேன்.

"இன்னாடி, கன்னுக்குட்டிக்கு ஊர சுத்திக் காட்டிக்கினு கீற?" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டலடித்தார்.

"ஆமாங்க்கா, அடுத்து சித்தூருக்கு இட்டுக்கினு போறேன்."

மூன்றாம் வாரம் சட்டியை எங்கே வைத்தாலும் கண்டுபிடித்தது. வாய்க்காலைத் தானாகவே தாண்டியது. இளங்குட்டிக்குப் புதிதாகப் பார்க்கவும் முகரவும் தேடவும் ஏதாவது இருந்துகொண்டே இருந்தால் மூளையும் அதற்கேற்ப வளரும் என்று, பிற்பாடு திருப்பதியில் ஒரு மாட்டு டாக்டர் சொன்னார். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. வீம்பு மட்டும்தான்.

கெடு முடிகிற அன்று காலை கன்றை மந்தையோடு ஏரிக்கரைக்கு அனுப்பினேன். சாயங்காலம் மந்தை திரும்பியது, கன்று வரவில்லை. "நாய்ங்க தொரத்திச்சி, தனியா பிரிஞ்சிடுச்சி" என்றார் மந்தைக்காரர். நைனா என் முகத்தைப் பார்க்காமல் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மந்தை வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கிணற்றடிச் சந்து வழியாக, வயிறுவரை சேறோடு, யாரும் ஓட்டாமல் வந்து வாசலில் நின்று கத்தியது. "ஐயோ, என் ராஜா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"பரவால்ல, கன்னு பொழைச்சிக்கிச்சி" என்றார் நைனா. "ஸ்கூலு அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அத கட்டிப்போட்டுட்டு மந்தம்னு சொன்னது நீதான் நைனா. என்னையும் கட்டிப்போட்டுட்டு, மண்டையில ஏறாதுன்னு சொல்றியே."

மறுநாள் காலை நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றார்.

ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். என் இடுப்பு உயரம்கூட இல்லாத பொடிசுகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. சிரிக்கட்டும் என்று சிலேட்டை மடியில் வைத்து, தெலுங்கில் முதல் எழுத்தைப் போட்டேன்.