இடது பக்கத்துத் தாளம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் ஒரு காரணம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு வரி எழுதினால் கை நோகும். மற்றக் காரணம் பயம். வாயால் சொன்னால் இவனுடைய வழக்கமான பகிடி என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எழுதினால் என் இடது காது உண்மையாகவே போய்விட்டது என்று ஆகிவிடும்.

கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி செற் போடுவது என் வேலை. செற்றின் சொந்தக்காரர் சாவகச்சேரிக்காரர். எல்லாரும் அவரை அண்ணை என்று கூப்பிடுவோம். பெட்டி தூக்கி, வயர் இழுத்து, கடைசியில் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு முன்னால் கதிரை போட்டு உட்காரும் இடத்துக்கு வந்து நாலு வருடம். ஐயரின் மந்திரம் எவ்வளவு கேட்க வேண்டும், தவில் எவ்வளவு அதிர வேண்டும் என்று முடிவெடுப்பவன் நான்தான். இதைவிடப் பெரிய பதவி எனக்கு எந்தக் கந்தோரிலும் கிடைக்காது.

என்னோடு படித்த கூட்டாளி ஒருவன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறான். கனடாவிலிருந்து வந்த அவனுடைய மாமா நல்ல ஹெட்போன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அவன் ஆள் மாறிவிட்டான். லொஸ்லெஸ் தவிர வேறொன்றும் கேட்க மாட்டானாம். லொஸ்லெஸ் என்றால் பதிந்த சத்தத்தில் ஒரு துளியும் கழிக்காமல் வைத்திருக்கும் பெரிய கோப்பு. எம்பி3 என்றால் இது மனிசருக்குக் கேட்காது என்று கணினி தானே முடிவெடுத்து, அதையெல்லாம் கழித்துச் சுருக்கியது.

"எம்பி3 எல்லாம் குப்பையடா. தாளம் செத்துப்போய்க் கிடக்குது."

"ஓமோம். வாழைக்கும் லொஸ்லெஸ் தண்ணியே விடுறாய்? குலை பெருக்கும்."

"நீ சிரி. எனக்குக் கேக்குது."

"மாமா ஹெட்போனோடை காதையும் குடுத்திட்டுப் போனவரோ?"

அவனைக் கையும் மெய்யுமாகப் பிடித்து அவமானப்படுத்துவதற்காகத்தான் ஒரு சோதனை வைத்தேன். நாதஸ்வரம், தவில், வெண்கலக் கைத்தாளம் எல்லாம் சேர்ந்த ஒரு கோயில் மேளக்கச்சேரியை மிக்சரிலிருந்து நேராகப் பதிந்து வைத்திருந்தேன். அதன் முழுக் கோப்பு ஒன்று, மெல்லச் சுருக்கியது ஒன்று, கடுமையாகச் சுருக்கியது ஒன்று என மூன்றாக்கிக் கொண்டு போனேன். மத்தியானம், குலை அடுக்கும் கொட்டிலில் அவனை முதுகு காட்டி இருத்தினேன். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முழுக்கோப்பு, பூ விழுந்தால் சுருக்கியது என்று பத்துத் தரம் போட்டேன்.

மெல்லச் சுருக்கியதில் அவன் முழித்தான். ஐந்து சரி, ஐந்து பிழை. அவனுக்குப் பதிலாக அந்த நாணயத்தையே கேட்டிருக்கலாம். நான் வாழைக்குலைகளைக் கூப்பிட்டு அவற்றுக்கெல்லாம் இந்தச் செய்தியைச் சொன்னேன். அடுத்தது கடுமையாகச் சுருக்கியதைப் போட்டேன். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னான். பிழைத்த ஒன்றும் நான் வாழைச்சருகால் அவன் பிடரியில் கூச்சம் காட்டியதால் பிழைத்தது.

"சரி, இப்ப நீ இரு," என்றான்.

நான் ஹெட்போனை மாட்டினேன். ஒன்று போட்டான், மற்றது போட்டான். இரண்டும் ஒன்றுதான். திரும்பப் போட்டான். அப்போதும் அதே கதைதான்.

"தாளத்தைக் கேளடா. ஒண்டிலை கிணிங் எண்டு நீளும். மற்றதிலை சலசலவெண்டு உடையும்."

"எங்கையடா தாளம்?"

"இடப்பக்கத்திலை மட்டும்."

"என்னட்டையே பகிடி விடாதை. உதிலை தாளமே பதியேல்லை."

அவன் ஹெட்போனைக் கழற்றித் தான் ஒருதரம் கேட்டான். தலையை ஆட்டிவிட்டு மறுபடி என் தலையில் மாட்டினான். அவசரத்தில் பக்கம் மாறிவிட்டது. அப்போதுதான் கேட்டேன். வலது காதுக்குள் தாளம். சீமெந்து நிலத்தில் புதுக் காசு விழுந்து உருளுவது போல, அவ்வளவு துலக்கமாக.

மாற்றி மாட்டினேன். தாளம் இல்லை. திரும்ப மாற்றினேன். வந்தது. ஹெட்போனைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் உற்றுப் பார்த்தேன்.

"என்னடா?"

"உன்ரை ஹெட்போன் ஒரு பக்கம் பழுது."

அவன் வாங்கி, இரண்டு விதமாகவும் மாட்டிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது," என்றான்.

வேலை இருக்கிறது என்று சொல்லி மோட்டச்சைக்கிளை எடுத்தேன். சாவகச்சேரி வந்து சேரும்வரை பத்து இடத்தில் நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு தரமும் காதோரம் விரல்களைத் தேய்த்துப் பார்த்தேன். வலப்பக்கம் சரசரவென்றது. இடப்பக்கம் என் விரல்கள் யாருடைய விரல்களோ போல இருந்தன.

ஏன் இடது என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கோயிலில் செற் போடுகிறவன் சாமிக்கு முதுகு காட்டக்கூடாது. சாமியைப் பார்த்து மேசை போட்டால் கும்பிட வருகிற சனத்துக்கு மறைக்கும். சனத்தைப் பார்த்துப் போட்டால் முதுகு சாமிக்குப் போய்விடும். அதனால் வசந்த மண்டபத் தூணோடு மேசையைக் குறுக்கே போடுவோம். அதே தூணோடுதான், என் இடப்பக்கத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியும் நிற்கும். எந்தக் கோயிலென்றாலும் அண்ணை ஒரே மாதிரித்தான் போடுவார். பெட்டிக்கும் என் இடது காதுக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்காது. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை, கோயில் மாறிக் கோயிலாக, நாலு வருடம். சாமியின் மரியாதையை எல்லாரும் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வேலை உடுப்பிட்டிப் பக்கம், பகல் திருவிழா. கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் விரலை வைத்ததும் விஷயம் விளங்கியது. அந்தக் குமிழை நான் போன வருடமே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத் தொடங்கிவிட்டேன். எனக்குத் தாளம் மங்கலாகக் கேட்டதால் கூட்டியிருக்கிறேன். ஒரு ஐயர் வந்து, "தம்பி, ஊசி குத்திற மாதிரிக் கிடக்குது," என்று சொன்னது நினைவுக்கு வந்தது. "உங்கடை மந்திரத்துக்கு அவ்வளவு பவர் ஐயா," என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். வேறொரு கோயிலில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்த ஒருவரைப் போல நடித்துக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அண்ணை வந்தார். "டேய், தாளம் காதைக் கிழிக்குது. குறை."

குறைத்தேன்.

"இப்ப செத்துப்போச்சு. கேட்டுத்தான் செய்யிறியோ, இல்லை நித்திரையோ?"

"நித்திரைதான் அண்ணை. கனவிலை நீங்கள் வந்தனீங்கள், பயத்திலை குறைச்சுப் போட்டன்."

அவர் சிரித்துக்கொண்டு போனார். வலது காதைப் பெட்டிப் பக்கம் கொண்டுவந்தால் சரியாகக் கேட்கலாம் என்று கதிரையை மெல்லத் திருப்பினேன். கொஞ்சம் கேட்டது. அதற்குள் கோயிலாள் ஒருவர் தோளில் தட்டினார்.

"தம்பி, ஆருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறாய்? திரும்பி இரு."

திரும்பி இருந்தேன். மிச்ச நேரம் முழுவதும் சனத்தின் முகத்தைப் பார்த்துத்தான் குமிழைத் திருப்பினேன். புருவத்தை நெரித்தால் குறைத்தேன். காதைத் தீட்டினால் கூட்டினேன்.

இரண்டு நாள் கழித்து ஆசுப்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்றில் இருத்தி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். வலது காது முடிந்து இடது வந்தது. முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே இருந்த அக்காவின் கை அசைவதைப் பார்த்துப் பொத்தானை அமத்தினேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதின பழக்கம். மறுபடி அமத்தினேன். மறுபடியும்.

அந்த அக்கா கதவைத் திறந்தார். "தம்பி, நான் இப்ப ஒண்டும் போடேல்லை. பேனைதான் எடுத்தனான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். கண்ணை மூடி இருந்த அந்த நேரம் பயந்ததுபோல நான் வேறெப்போதும் பயந்ததில்லை. சத்தம் போகிறதா, போகவில்லையா என்று தெரியவில்லை. வராததற்காகக் காத்திருந்தேன்.

டொக்டர் தாளைக் காட்டினார். வலது காதின் கோடு நேராக ஓடியது. இடது காதின் கோடு பாதி தூரம் ஓடி, வாளி கிணற்றுக்குள் விழுவது போல விழுந்திருந்தது.

"போனது வராது. உந்தப் பெட்டிக்குப் பக்கத்திலை இருந்தா மற்றதும் போகும்."

"எவ்வளவு காலத்திலை டொக்டர்?"

"அதை நான் சொல்லேலாது. நீர் முதல் அங்கையிருந்து எழும்பும்."

கணினி கழித்ததைக் கூட்டாளி பத்துக்கு ஒன்பது கண்டுபிடித்தான். என் காதிலிருந்து கழித்ததை நானே கண்டுபிடிக்கவில்லை. ஒரு வருடமாக மற்றவர்களின் காதைத்தான் பிழை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இன்னும் என்னென்ன கேட்காமல் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. கேட்காததை எப்படி எண்ணுவது?

நேற்றுப் பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை கொடியேற்றமாம், விடிய வந்துவிடச் சொன்னார். "ஓம் அண்ணை," என்றேன். காதைப் பற்றி அவரிடம் சொன்னால் மிக்சர் வேறொருவன் கைக்குப் போகும். சொல்லாவிட்டால் வலது காதும் போகும். இரண்டையும் யோசித்துக்கொண்டு, போனை வலது காதில் வைத்தபடியே அவர் வைத்த பிறகும் நின்றேன்.

பிறகு போனிலேயே கூட்டாளிக்கு எழுதினேன். முதலில் ஒரு பகிடி எழுதினேன். அழித்தேன். "மச்சான், அண்டைக்கு ஹெட்போன் பழுதில்லை. என்ரை இடக்காது. ஆசுப்பத்திரியிலையும் சொல்லிப்போட்டாங்கள். சத்தியமாப் பகிடியில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து பக்கத்திலை இருந்து, தாளம் எப்பிடிக் கேக்குதெண்டு சொல்லு. நான் திருப்புறன். அண்ணைக்குத் தெரியவேண்டாம்."

பார்த்துவிட்டான் என்று காட்டியது. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதினான்.

"வாறன், ஆனா கோயிலுக்கில்லை, இப்ப உன்னோடை அண்ணை வீட்டை, உதைச் சொல்ல."