வெயிலில் காயவைத்த நாலு செல்

நாங்கள் கேசட் பதிவு செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பாடுவதற்கு அக்கா, வீடும் அவருடையதுதான். கதவருகே அவர் கணவர். யாராவது வந்தால் மணியடிக்க விடாமல் சைகையிலேயே திருப்பி அனுப்புவது அவருக்குக் கொடுத்திருந்த வேலை. வயலினோடு அண்ணாச்சி, கணக்கு ஆபீஸ் ஒன்றில் சூப்பரிண்டெண்டெண்ட், ஊர் திருநெல்வேலிப் பக்கம். மடியில் சின்னக் கீபோர்டோடு அக்காவின் மகள். காலேஜில் முதல் வருஷம், தமிழ் பேசுவாள், படிக்க வராது, பாட்டுகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வாள். ஐந்தாவது ஆள் நான், டோலக்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துவந்தேன். கவலைப்படுவதில் மட்டும் நான் எம்.ஏ. என்று அக்கா சொல்வார்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் அவர் ஒரு பாட்டு நோட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தார். காகிதம் வெளியே வரும்வரை நான் மெஷின் மூடியில் தட்டிக்கொண்டிருந்தேன். "டேய் தம்பி, இது சும்மா தட்டுற கை இல்லையே," என்றார். எங்கள் தெருப் பஞ்சாபிக்காரர்களின் அம்மன் பஜனைகளில் டோலக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த தட்டு அது. அடுத்த ஞாயிறே வரச் சொன்னார். அன்றிலிருந்து ஒரு வருஷம், ஞாயிறு தவறாமல் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறையில் இருப்பேன். நாலு மணிக்குப் போக மூன்று மணிக்கே கிளம்பிவிடுவேன், பஸ் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று.

அந்த வருஷத்தில் நாங்கள் வெளியே வாசித்தது ஒரே ஒரு தடவைதான், கிட்வாய் நகரில் ஒரு வளைகாப்பு. அதிலும் பாதியில் சாப்பாடு போட்டுவிட்டார்கள். ஆனால் அண்ணாச்சி மெனக்கெட்டு ஆறு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். ஆபீஸ் ஃபைல் அட்டைகளின் உள்பக்கத்தில் எழுதிய பாட்டுகள். அவற்றை அக்கா பாடிக் கேட்கும்போது அண்ணாச்சி வாசிக்க மறந்துவிடுவார். "அங்கிள், வயலின்!" என்று அந்தப் பெண்தான் அதட்ட வேண்டியிருக்கும்.

மே மாதம் அக்காவின் கழுத்தில் கட்டி என்றார்கள். பயப்பட வேண்டிய கட்டி இல்லை, தைராய்டு, ஆனால் எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அக்கா அதை எங்களிடம் கேசரியைப் பரிமாறிக்கொண்டே சொன்னார். "அடுத்த திங்கக்கிழமை அட்மிஷன். அதுக்குள்ள ஆறு பாட்டையும் ஒரு கேசட்ல புடிச்சிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அண்ணாச்சி தன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். நான் அதில் போட நாலு பேட்டரி செல் கொண்டுவந்தேன்.

மே மாத டெல்லியில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாட்டின் நடுவில் போய்விட்டால்? அக்காவுக்கு மறுபடி பாடத் தெம்பு இல்லாமல் போனால்? நாலு ராத்திரி இதே யோசனை. "என்னடே, கரண்ட் போனா போவட்டும்லா. வந்த பொறவு பாடிக்கிடலாம்," என்றார் அண்ணாச்சி. நான் கேட்கவில்லை. செல்லில்தான் ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். புதுச் செல் வாங்கவும் பயம். டூப்ளிகேட்டாக இருந்துவிட்டால் என்ன செய்வது? என் ரேடியோவில் இருந்த நாலும் பழகிய செல்கள். கொஞ்சம் தளர்ந்திருந்தன. அதற்கென்ன, வெயில் பட்டால் மறுபடி கொஞ்சம் உயிர் வரும், எங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதுதானே என்று இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து எடுத்துவந்தேன்.

சத்தம் வரும் என்று கூலரை நிறுத்தினோம், ஃபேனை நிறுத்தினோம். அண்ணாச்சியின் தாடையிலிருந்து வியர்வை வயலினில் சொட்டியது. அக்கா ஒரு பாட்டுக்கும் நிறுத்தவில்லை. மூன்றாவது பாட்டில் தெருவில் உருளைக்கிழங்கு விற்கிறவன் கத்திக்கொண்டு போனான், அவனும் பதிவானான். முடிந்ததும் அதே பெட்டியில், அதே செல்லில் போட்டுக் கேட்டோம். அக்காவின் குரல் அப்படியே இருந்தது. அவர் கணவர் மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் பேசக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நான் பெட்டியையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். செல் தீர்ந்துபோயிருந்ததால் தூக்கிப் போட்டுவிட்டேன். பிளக்கைச் சொருகினேன்.

உள்ளேயிருந்து ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவசர அவசரமாகப் பாடினாள். டோலக் குதிரை மாதிரி ஓடியது. உருளைக்கிழங்கு விற்றவன் கைக்குழந்தை.

அக்கா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "யாருடா இந்தக் குட்டி?" பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வரி எழுதினார்: "சிரிக்க வைக்காதே. தையல் இழுக்குது."

நான் கேசட்டை வெளியே எடுத்து எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி வந்து வயலினை மீட்டிப் பார்த்துவிட்டு, "சுருதி ஒரு கட்டைக்கு மேல ஏறிக் கெடக்கு," என்றார். செல்லில் பலம் இல்லாததால் அன்றைக்கு மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்தது கரண்டில் வேகமாக ஓடுகிறது. அன்றே போட்டுக் கேட்டபோது தெரியாமல் போனதும் அதனால்தான், அப்போதும் அதே தளர்ந்த செல்.

"பையா, டென்ஷன் வேண்டாம். வேற வீக்கான செல் போட்டா டீக் ஆயிடும், சரியா வந்துடும்," என்றாள் அந்தப் பெண். அண்ணா என்பதற்கு அவள் இந்தியில் பையா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டு டார்ச்சிலும் ரேடியோவிலும் இருந்த தளர்ந்த செல்களை எடுத்துப் போட்டோம். முதல் வரி அக்கா. இரண்டாவது வரியில் குரல் இறங்கத் தொடங்கி, பல்லவி முடிவதற்குள் யாரோ ஓர் ஆண்பிள்ளை முனகினார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. போனால் வராத ஒரு குரலை என் பயம் கெடுத்துவிட்டது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அக்காவுக்குப் பேச்சு திரும்பியபோது குரல் கரகரவென்று, அடியில் மட்டும் நின்றது. மேலே போகவில்லை.

பழைய டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் ரேடியோ சந்தையில் ஒரு வயசான மெக்கானிக்கைப் பிடித்தோம். மோட்டாரின் முதுகில் ஒரு திருகு இருக்கிறதாம், அதைத் திருப்பினால் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் பிறகு அந்தப் பெட்டியில் வேறு எந்தக் கேசட்டும் உருப்படியாகப் பாடாது. அண்ணாச்சியின் பெட்டியை அப்படிப் பாழாக்க எனக்கு மனசு வரவில்லை. மெக்கானிக்கிடமே பழைய பெட்டி ஒன்று நானூற்றைம்பது ரூபாய்க்கு இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பணத்தை எண்ணி வைத்துவிட்டார்.

அந்தப் பெண் கீபோர்டில் அம்மாவின் சுருதியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் அந்தப் பழைய பெட்டியில் கேசட்டை ஓடவிட்டுத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். குட்டிப்பெண் வளர்ந்தாள், பள்ளிக்கூடம் முடித்தாள், கல்யாணம் ஆயிற்று, அக்கா ஆனார். மெக்கானிக்குக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அந்த இடம் வந்ததும், "பஸ், யஹீ ஹை," போதும், இதுதான் என்று அவரே கையை எடுத்துவிட்டார். கடைசிப் பாட்டு முடியும்வரை அடுத்த கிராக்கியைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் அக்கா முழுதும் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு. முடிந்ததும் அந்தப் புதுக் கரகரப்பில் கேட்டார்:

"அஞ்சாவது பாட்டுல ரெண்டு எடத்துல தாளம் ஓடுதே. என்னடா யோசிச்சிட்டு இருந்த?"

"கரண்ட் போயிடுமோன்னு, அக்கா."

"செல்லுலதானேடா ஓடிச்சு?"

"அப்பவும் பயமாத்தான் இருந்தது."

அவர் சிரித்தார். இந்தத் தடவை தையல் இழுக்கவில்லை. பிறகு கேசட்டைத் திருப்பி முதலிலிருந்து போடச் சொன்னார்.

பெட்டிக்கான பணத்தை நான்தான் தருவேன் என்று அண்ணாச்சியிடம் சண்டை போட்டு, மாதம் ஐம்பது வீதம் ஐந்து மாதம் அவர் சட்டைப்பையில் திணித்தேன். ஆறாவது மாதம் அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பினார். ஸ்டேஷனில் கடனோடு கடனாக வாங்கி வைத்திருந்த மீதியை நீட்டினேன். ஜன்னல் கம்பி வழியாக என் கையை மூடிவிட்டார்.

"இருக்கட்டும்டே. ஒனக்குக் கவலப்பட ஏதாவது ஒண்ணு வேணும்லா."

ரயில் நகர்ந்துவிட்டது. இருநூறு ரூபாய் பாக்கி.