அடைக்கூடையில் வைத்த பூச்சி முட்டை

கோழி முட்டை மூன்று வாரத்தில் பொரிந்துவிடும். வாத்துக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதல். குச்சிப்பூச்சிக்கு எவ்வளவு நாள் என்று பேத்தி சொல்லத்தான் செய்தாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மகள் வயிற்றுப் பேத்தி, அரியலூரில் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு செந்துறையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கொய்யா மரத்தில் காய்ந்த குச்சி மாதிரியே இருந்த பூச்சியைப் பிடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்தாள். அது கீரை விதை போல முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போனது. ஊருக்குக் கிளம்பும்போது பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

“அம்மாயி, லேசா தண்ணி தெளிச்சுக்கிட்டே இரு. பொரிக்க மாசக்கணக்கா ஆகுமாம், எங்க சார் சொன்னாரு.”

“எத்தன கோழிய அடை வச்சவ நானு. எனக்கே சொல்றியாடி?”

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. தாயில்லாத முட்டைகள் குளிரில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது ஒரு சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. ராசியான கோழி. ஒருதரம் வாத்து முட்டையைக்கூடப் பொரித்தது. குஞ்சுகள் குட்டையில் இறங்கியதும் அது கரையில் நின்று கத்திய கத்தல் இருக்கிறதே, அதை இன்னொரு நாள் சொல்ல வேண்டும். பூச்சி முட்டைகளைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடைக்கூடையில் இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்கப் போட்டிருந்த கரித்துண்டுக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் துணி கிழிந்து கிடந்தது. கோழி கொத்தித் தின்றது போக, வைக்கோலைக் கிளறியதில் நாலைந்துதான் கிடைத்தன.

“வெதயயும் போட்டு, காவலுக்கும் கோழியவே வச்சியாக்கும்?” என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். மிஞ்சியவற்றைப் பாட்டிலில் போட்டேன்.

பொங்கலுக்குப் பேத்தி வந்ததும் பாட்டிலைத்தான் தூக்கினாள்.

“இவ்ளோதானா இருந்துச்சு?”

எலி மேல் பழி போடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

“கோழிகிட்ட அடை வச்சேன் தாயி.”

அவள் மூடியைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பஸ் ஏறும்போது, “பாட்டில எடுத்துட்டுப் போயேன்” என்றேன்.

“ஒங்கிட்டயே இருக்கட்டும். பொரிக்கலன்னா ஒன்னயத்தான கேக்க முடியும்” என்றாள்.

பங்குனியில் ஒரு காலை, பாட்டிலுக்குள் ஒரு நூல் துண்டு எழுந்து நடந்தது. செருப்புக்கூடப் போடாமல் டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

“ஒன்னு வந்துருச்சு தாயி.”

“ஒன்னுதானா?” என்றாள். பிறகு அவளே, “மிச்சத்துக்கு இன்னும் நாளாகும் அம்மாயி” என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். அது கொய்யாக் கொழுந்தைக் கடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாட்டில் மட்டும் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.