மூன்று முறை திரும்பிப் போனவன்

மொறட்டுவைக் கடற்கரையில் படகு மிசின் திருத்தும் கடை வைத்திருக்கிறான் பிரகலாதன். வயது நாற்பத்தேழு. என்ன சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் கிறீஸ் போகாது. பேச்சும் கொஞ்சம் மட்டுத்தான். கிழமையில் ஆறு நாள் மற்றவர்களின் மிசினோடு மாரடிப்பான். சனிக்கிழமை வந்தால் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரத்மலானை விமான நிலையத்துக்குப் போய்ச் சின்ன விமானம் ஓட்டுவான்.

அவன் விமானம் ஓட்டப் படிக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று அக்கா கேதீஸ்வரி வடக்கே மயிலிட்டியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தாள். எழுத்துப் பரீட்சை இங்கிலீசில். அதில் இரண்டு தரம் தவறினான், மூன்றாந்தரம் தேறினான். ஆங்கில அகராதி ஒன்றை மிசின் எண்ணெய்க் கறையோடு கடை மேசையிலேயே வைத்துக்கொண்டு படித்தவன். அனுமதிப்பத்திரம் கைக்கு வர நாலு வருடம் சென்றது.

அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. பலாலியில் இறங்க வேண்டும். மயிலிட்டிக்குப் பக்கத்திலேதான் பலாலி விமானத்தளம். தொண்ணூறாம் ஆண்டு சண்டை வந்து சனம் மயிலிட்டியை விட்டு நடந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தலையில் பானை ஒன்றைச் சுமந்துகொண்டு அக்காவின் கையைப் பிடித்து நடந்தான். இருபத்தேழு வருடம் கழித்துத்தான் துறையும் வீடும் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தன. அதன்பிறகு அவன் பஸ்ஸில் வந்தான், ரயிலில் வந்தான். அதுவும் மனதுக்குக் காணாது. “விட்டு நடந்த இடத்துக்கு ஒருக்கால் மேலாலை வரோணும், அக்கா” என்பான். அதற்குமேல் விளக்கம் சொல்லமாட்டான்.

முதல் தரம் அனுமதி கிடைத்தது ஒரு மாசி மாதம். குறித்துக் கொடுத்தது ஒரேயொரு நாள். அவன் தொலைபேசியில் சொன்னான்:

“புதன்கிழமை, அக்கா. பத்து நாப்பதுக்கு இறங்குவன்.”

கடலோடிகளின் வீட்டில் வரும் நேரம் சொல்லுகிற வழக்கம் இல்லை. தொழிலுக்கு வெளிக்கிடுகிறவனை எங்கே என்றும் எப்போது வருவாய் என்றும் யாரும் கேட்பதில்லை. அவனும் “வாறன்” என்பதோடு படி இறங்கிவிடுவான். நேரம் சொன்னால் தட்டிப்போகும் என்பது கேதீஸ்வரி பிறக்க முன்னமே அந்த வீட்டில் இருந்த பயம்.

“நேரத்தைச் சொல்லாதையடா” என்றாள்.

“சொல்லாமல் பறக்க ஏலாது, அக்கா. எழுதிக் குடுக்கோணும்.”

புதன்கிழமை அவள் நண்டுக்கறி வைத்தாள், கணவாய் பொரித்தாள். அயல் எல்லாம் வந்து நின்றது. பக்கத்து வளவுப் பரமலிங்கம், இரண்டு படகு வைத்திருக்கும் மனிதர், கதிரை கொண்டுவந்து முற்றத்தில் போட்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார். பத்து நாற்பதானது, பதினொன்றானது. ஒரு காகம் பறந்தது.

“பிள்ளை, உதோ உன்ரை தம்பி?” என்றார் பரமலிங்கம். முற்றம் முழுக்கச் சிரித்தது.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. வன்னிக்கு மேலே மழைமுகில் கறுத்து நின்றதாம். அவனுக்குக் கிடைத்திருக்கும் பத்திரத்தில் கண்ணால் பார்த்துப் பறக்கத்தான் இடம் உண்டு, முகிலுக்குள் நுழையக்கூடாது. மாங்குளத்துக்கு வர முன்னமே திரும்பி இரத்மலானையில் இறங்கிவிட்டான். நண்டுக்கறியை வந்த சனம் சாப்பிட்டது.

இரண்டாந்தரம் வர ஒரு வருடம் சென்றது. இந்த முறை புத்தளம் தாண்டியதும் மிசினின் சத்தம் ஒரு மயிரிழை மாறியதாம். கருவியெல்லாம் சரியாகத்தான் காட்டியது. ஆனால் இருபது வருடமாக மிசின் சத்தத்தோடு சீவிக்கிறவனின் காது அதை ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பிவிட்டான். கழற்றிப் பார்த்தால் ஒரு பிளக்கில் கொஞ்சம் கரி, அவ்வளவுதான்.

“காதாலை கேட்டுத் திரும்பினவனாம்!” பரமலிங்கம் துறையில் நின்று சொன்னது கருவாட்டுப் பந்தல்வரை கேட்டது. “பஸ்ஸிலை ஏறியிருந்தால் இவ்வளவுக்கும் ரெண்டுதரம் வந்து போயிருப்பான். பத்தாக்குறைக்குச் சாப்பாடும் மிஞ்சியிருக்கும்.”

கேதீஸ்வரி சபையில் கதைக்கிறவள் இல்லை. தம்பியின்மேல் அவளுக்கும் அப்போது கோபம்தான்.

மூன்றாந்தரம்தான் பொறுக்கமுடியாமல் போனது. அந்தப் பங்குனிக் காலையில் விமானம் வந்தேவிட்டது. சொன்ன நேரம் பத்து ஐம்பது. பத்து நாற்பத்தெட்டுக்குச் சத்தம் கேட்டது. வெள்ளைப் பறவை மாதிரிச் சின்னதாக, வாலில் நீலக்கோடு. மயிலிட்டிச் சனம் தெருவில் இறங்கிக் கை காட்டியது. அது பலாலிப் பக்கம் தாழ்ந்தது, பனைகளுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு மிசின் இரைந்தது. திரும்ப மேலே எழும்பி, வீட்டுக்கு மேலாலேயே ஒரு வட்டம் போட்டு, இன்னொரு தரம் தாழ்ந்து, இன்னொரு தரம் எழும்பித் தெற்கே போய்விட்டது.

கேதீஸ்வரி கை காட்டியபடியே நின்றாள். கையை எப்போது இறக்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பின்னேரம் அவன் அநுராதபுரத்திலிருந்து தொலைபேசி எடுத்தான். பலாலியில் இயலாவிட்டால் அங்கே போவேன் என்று முதலே எழுதிக் கொடுத்த இடம் அதுதான்.

“ஏனடா இறங்கேல்லை? என்ரை தலைக்கு மேலாலை போனியே!”

“காத்து ஓடுபாதைக்குக் குறுக்காலை அடிச்சுது, அக்கா. விமானம் அள்ளுப்பட்டுது. ரெண்டு தரம் பாத்தன். மூண்டாந்தரம் பாக்க எண்ணெய் காணாது.”

“எல்லாம் நீ நேரம் சொல்லுறதாலை வாறது. நான் அப்பவே சொன்னனான். அப்பா ஒருநாளும் நேரம் சொல்லேல்லை.”

“அதுதானே அக்கா,” என்றான். “அப்பா நேரம் சொல்லேல்லை. அதாலை ரெண்டாம்நாள் மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் தேடிப் போகேல்லை. அங்காலை கரை பிடிச்சிருப்பார், இங்காலை கரை பிடிச்சிருப்பார் எண்டு இருந்திட்டம். நான் நேரம் சொன்னால், அந்த நேரத்துக்கு வராட்டித் தேடத் தொடங்குவினம். அதுக்குத்தான் எழுதிக் குடுக்கிறது.”

கேதீஸ்வரி தொலைபேசியை வைத்துவிட்டுக் கருவாட்டுப் பந்தலடியில் போய் இருந்தாள். கடலுக்குப் போன அப்பா சிவக்கொழுந்து வராமல் போனபோது அவளுக்குப் பதினாறு, அவனுக்கு ஆறு. அந்த ஒன்றரை நாளைப்பற்றி இவ்வளவு காலத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் சொன்னான். அதுவும் பழி சொல்லும் குரலில் இல்லை; மிசினில் எந்த இடத்தில் பழுது என்று காட்டுவதுபோலச் சொன்னான்.

அன்றுதான் அவள் வேறு விதமாகவும் யோசித்தாள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. பிறந்த ஊர் காலடியில் கிடக்கிறது. தெருவில் சனம் நின்று கை காட்டுகிறது. அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்று மிசினைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேரால் முடியும்? அவளால் முடிந்திராது. பரமலிங்கத்தால் சத்தியமாக முடிந்திராது. பகிடிக்குப் பயந்தே விமானத்தைத் தரையில் குத்தியிருப்பார். மூன்று தரம் திரும்பினவன் நாலாந்தரத்துக்கும் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்த தையில் கேதீஸ்வரி ஒரு வேலை தொடங்கினாள். கருவாட்டுப் பந்தல் கம்பத்தில் பழைய சாரத்தில் கிழித்த துணித்துண்டு ஒன்றைக் கட்டினாள். பந்தலடியில் இருந்து பார்த்தால் விமானங்கள் எந்தப் போக்கில் இறங்குகின்றன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓடுபாதை கிடக்கும் திசை அதுதானே. துணி அந்தப் போக்கில் பறக்கிறதா, குறுக்காகப் பறக்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தாள். கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். நேர் என்றால் ஒரு கோடு, குறுக்கு என்றால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி.

“என்ன பிள்ளை, காத்துக்குக் காவல் இருக்கிறியோ?” என்றார் பரமலிங்கம்.

“ஓம் அண்ணை. கள்ளன் போற நேரம் பாக்கிறன்.”

அவள் அவருக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தரம்.

நாற்பது நாள் எழுதினாள். காலையில் வாடைக்காற்று ஓடுபாதையின் போக்கிலேயே மெதுவாக வந்தது. ஒன்பது மணிவரையும் அப்படித்தான். பத்தாகத் துணி விலகத் தொடங்கும், பத்தரைக்குப் புள்ளடிதான். அவன் ஒவ்வொரு முறையும் பத்தரைக்குப் பிந்தித்தான் நேரம் குறித்திருக்கிறான்.

அவள் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. கருவாடு என்ன விலை போகிறது, மழை எப்படி என்றெல்லாம் கதைத்தாள். அவன் வைக்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“தம்பி, நீ ஒம்பது மணிக்குள்ளை இறங்கோணும். எட்டு நாப்பது எண்டு எழுதிக் குடு.”

அவன் ஏன் என்று கேட்டான். நாற்பது நாளையும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டான்.

“எனக்கு வாற காலநிலை அறிக்கையிலை உது இல்லை, அக்கா,” என்றான் கடைசியில். “அறிக்கையையும் பாப்பன். அது சரியெண்டால் நீங்கள் சொன்ன நேரம்தான்.”

மாசி கடைசியில் நாள் கிடைத்தது. கேதீஸ்வரி இம்முறை சமைக்கவில்லை, யாரையும் அழைக்கவும் இல்லை. பரமலிங்கம் தானாகவே மோட்டார்ச் சைக்கிளோடு வாசல் படலையடியில் நின்றார்.

“ஏறு பிள்ளை. எத்தினை மணிக்காம்?”

“எட்டு நாப்பது.” நேரம் சொல்லப் பயம்தான். ஆனாலும் சொன்னாள்.

விமான நிலைய வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்றார்கள். தெல்லிப்பழைப் பக்கத்தால் சத்தம் வந்தது. வட்டம் போடவில்லை, நேரே தாழ்ந்து மரங்களுக்குப் பின்னால் போனது. கேதீஸ்வரி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மிசின் இரைந்தால் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். அவள் இரைச்சலுக்காகக் காது கொடுத்தாள். சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. இல்லாமலே போனது.

“நிப்பாட்டிப்போட்டான்!” பரமலிங்கம் தன் தொடையில் ஓங்கி அடித்தார். “மிசினை நிப்பாட்டிப்போட்டான், பிள்ளை! இறங்கிட்டான்!”

அவர் கண் கலங்கியதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல மறுபக்கம் திரும்பினாள்.

அவன் வெளியே வர முக்கால் மணித்தியாலம் சென்றது. விமானத்தைக் கட்டி, எண்ணெய் பார்த்து, தாள்களில் கையெழுத்து வைத்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டுதான் வந்தான். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

“பயந்தனியோடா?” என்று கேட்டாள்.

“ஓம் அக்கா,” என்றான். “நாலு தரமும்.”

அவள் சேலைத் தலைப்பால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பரமலிங்கம் மோட்டார்ச் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். மூன்று பேர் ஏறுவதற்கு அதில் இடம் இல்லை. அக்காவை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பிரகலாதன் மயிலிட்டிவரை நடந்து போனான்.